பதுங்கிய பூனை வெளியே வர: புது வீட்டில் எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

மீட்கப்பட்ட, பயந்த பூனை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எப்போது மடியில் வந்து உட்காரும்?" அந்தக் கேள்வியைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை சாப்பாட்டுத் தட்டும் மணல் தொட்டியும்தான். இரவில் தட்டு காலியாகிறது, காலையில் தொட்டியில் சிறுநீர்க் கட்டிகளும் மலமும் இருக்கின்றன என்றால், பூனையின் முகத்தையே நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் அது பழகிக்கொண்டு வருகிறது. இவ்விரண்டில் ஒன்று நின்றுபோனால், பூனை உங்கள் காலடியிலேயே படுத்திருந்தாலும் எங்கோ தவறு இருக்கிறது.

கீழே ஒவ்வோர் அறிகுறியும் தனித்தனியே இருக்கிறது. உங்கள் பூனையிடம் காண்பது எதுவோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம். எதற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். உணவையும் மணலையும் தொட்டியின் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது. மணத்தை வைத்தே இடத்தை அறியும் பூனைக்கோ மறுபடியும் வீடு மாறியதுபோல் ஆகிவிடும்.

காத்திருக்கவே கூடாதவை

மற்றவற்றுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பயமும் நோயும் பூனையிடம் ஒரே முகத்தைக் காட்டும். பயந்த பூனையும் மூலையில் உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காய்ச்சல் கண்ட பூனையும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். "பயத்தில் இருக்கிறது, போகப்போகச் சரியாகும்" என்று சொல்லி நோயைத் தவறவிடுவது மிக எளிது.

ஆண் பூனை மணல் தொட்டிக்கு அடிக்கடி போய் முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். நள்ளிரவாக இருந்தாலும் அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையில் அழற்சியைத் தூண்டக்கூடியது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாயோ மிகக் குறுகலானது. அது அடைபட்டுவிட்டால் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கல் என்று எண்ணிப் பொழுதைக் கழிப்பவர்கள் பலர் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

அமைதியாகப் படுத்திருக்கும் பூனை நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 30 முறை மூச்சு விடும். ஓய்வில் இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது பயம் அல்ல. தடுப்பூசி போடாத குட்டி திரும்பத் திரும்ப வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தால் அதுவும் அன்றே போக வேண்டியது. வீட்டில் லில்லிப் பூவோ செடியோ இருந்து பூனை அதைக் கடித்திருந்தால், உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கியிருந்தாலும்கூட, பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். சிறுநீரகம் கெடத் தொடங்கிய பிறகுதான் வெளியே தெரியும். பூனை வரும் முன்பே லில்லியை வீட்டை விட்டு அகற்றிவிடுவது நல்லது.

மனிதர்களின் வலிமாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

கட்டிலுக்கு அடியில் போனது, வெளியே வரவே இல்லை

பதுங்குவது பூனை தனக்குத்தானே செய்துகொள்ளும் சிகிச்சை. நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தார்கள், மற்றவற்றுக்கு வைக்கவில்லை. பெட்டி கிடைத்தவை மூன்றாம் நாளுக்குள் மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதி அடைந்திருந்தன. ஒளிய இடம் இருக்கிறது என்ற உறுதி கிடைத்த பூனைதான் வெளியே வரத் துணியும். பூனையை மறைவிடத்திலிருந்து இழுத்து வெளியே போட்டு, "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று காட்ட முயல்வது பாதுகாப்பான இடம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை என்றுதான் அதற்குக் கற்றுக்கொடுக்கும்.

ஆனால் எந்த மறைவிடம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கட்டிலின் அடி நல்ல மறைவிடம் அல்ல. நடுவில் போய் அமர்ந்துவிட்டால் உங்களால் அதைப் பார்க்கவும் முடியாது, சாப்பாட்டை அருகே வைக்கவும் முடியாது. முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஒரு சிறிய அறையைக் கொடுங்கள். அந்த அறையில் அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி, உள்ளே அது பயணத்தில் படுத்திருந்த துணியையே விரியுங்கள். பெட்டிக்கு இரண்டு திறப்புகள் இருந்தால் மிக நல்லது. தப்பிக்க வழியுள்ள பூனை குறைவாகப் பயப்படும். உயரத்தில் ஒளிய விரும்பும் பூனைகளும் உண்டு, ஆகவே ஓர் அலமாரித் தட்டையும் காலி செய்து துணி விரித்து வையுங்கள். இவை தயாரான பிறகு, பூனை பெட்டிக்கு மாறியிருக்கும் நேரம் பார்த்துக் கட்டிலுக்கு அடியைப் பைகளாலும் பெட்டிகளாலும் அடைத்துவிடலாம். பூனை உள்ளே இருக்கும்போது அடைக்கத் தொடங்க வேண்டாம்.

அதே அறையில் ஒரு மூலையில் மணல் தொட்டி. அதற்கு எதிர் மூலையில் உணவு. தண்ணீர், உணவுத் தட்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளி. தொடக்கத்தில் உணவு மறைவிடத்தின் வாசலிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருக்கட்டும். சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தள்ளி வையுங்கள்.

இனி, நீங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒரே நேரங்களில், அறைக்குள் வந்து தரையில் உட்காருங்கள். பூனைக்கு நேராக அல்ல, பக்கவாட்டில். நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் மனிதர் அதற்கு மிகப் பெரிய உருவம். ஒரு புத்தகத்தைத் தாழ்ந்த குரலில் வாசியுங்கள், அல்லது சும்மா இருங்கள். பூனையின் காது நமக்குக் கேட்காத உயர் அதிர்வொலிகளையும் கேட்கும்; நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசையும் அதற்குப் பேரோசை. கதவை மெதுவாகச் சாத்துங்கள், கைப்பேசியின் மணியை அணைத்துவிடுங்கள். அதன் கண்ணை உற்று நோக்காதீர்கள். தற்செயலாகக் கண்கள் சந்தித்துவிட்டால் இமைகளைப் பாதி தாழ்த்தி, மெதுவாக மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இப்படி மெதுவாக இமைத்த அறிமுகமில்லாத மனிதரை நோக்கிப் பூனைகள் அதிகம் வந்தன. செலவில்லாத வழி, செய்து பாருங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? மீட்புப் பணியில் இருப்பவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பதற்றம் சற்றுத் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம் வரும். நல்ல கணக்குதான், ஆனால் எல்லாப் பூனைக்கும் இது பொருந்தாது. பூனைக்குட்டி மனிதர்களைத் தன்னைச் சேர்ந்தவர்களாக ஏற்கக் கற்கும் பருவம் பிறந்து 2 முதல் 7 வாரம் வரைதான். அந்த நாட்களில் மனிதக் கையை அறியாமல் வளர்ந்த பூனைக்கு, மூன்று மாதத்தில் ஒரே அறையில் உங்களோடு இருந்துகொண்டே உண்ண முடிந்தால் அதுவே பெரிய முன்னேற்றம். முன்பு வீட்டில் வாழ்ந்து கைவிடப்பட்ட பூனையோ சில நாட்களிலேயே பழையதை நினைவுபடுத்திக்கொண்டு வந்து உரசும்.

இரவில்கூட வெளியே வந்ததாகத் தெரியவில்லையா? மறைவிடத்தின் வாசலில் கசக்கிய காகித உருண்டை ஒன்றை வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நகர்ந்திருந்தால் பூனை நடமாடியிருக்கிறது. அறைக்குள் பூனையே தென்படவில்லை என்றால் சோபாவின் அடித்துணி கிழிந்திருக்கிறதா, சாய்வு நாற்காலியின் இயந்திரப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டும் முன் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிடவில்லை

முதல் இரவு சாப்பிடாமல் இருப்பது இயல்பு. முழுதாக 24 மணி நேரம் ஒரு வாய்கூட உண்ணவில்லை என்றால் மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள். 48 மணி நேரம் ஆனால் நேரில் கொண்டுபோங்கள். குட்டிகளுக்கு அவ்வளவு அவகாசமும் கிடையாது, அன்றே கேட்க வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். பூனையின் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பையும் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கிக் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். பருமனான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். "பசித்தால் தானே தின்னும்" என்ற கணக்கு பூனையிடம் செல்லாது.

அந்த நேர எல்லைக்குள் செய்யக்கூடியவை நிறைய உண்டு. காப்பகத்திலோ முன்பு இருந்த இடத்திலோ என்ன உணவு கொடுத்தார்கள் என்று கேட்டு, அதையே கொடுங்கள். தரம் குறைந்த உணவாகவே இருக்கட்டும். உணவை உயர்த்த இது நேரம் அல்ல. நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பின் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். ஈர உணவைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்காமல், பூனையின் உடல் சூடான 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். சூடு மணத்தை எழுப்பும், பூனை மணத்தால்தான் உண்கிறது. ஆழமான கிண்ணத்தைவிடத் தட்டையான, அகலமான தட்டு நல்லது. உணவை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறிவிடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பசியோடு இருக்கும் பூனையும் தலையைத் தூக்காது.

மூக்கடைப்பு, புண்பட்ட ஈறு, வலிக்கும் பல் இவையும் சாப்பாட்டை நிறுத்தும். தட்டருகே ஆவலாக வந்து, முகர்ந்து, வாய் வைத்துவிட்டுப் பின்வாங்கும் பூனைக்குப் பசி இருக்கிறது, உண்ணத்தான் முடியவில்லை. அது மருத்துவர் பார்க்க வேண்டிய வாய்.

ஊசி முனை இல்லாத சிரிஞ்சால் வாயில் வலுக்கட்டாயமாக ஊட்டுவதை மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அந்த உணவையும் உங்கள் கையையும் பூனை நெடுநாள் வெறுக்கவும் கூடும்.

இரவில் மட்டும், யாரும் இல்லாதபோது உண்கிறது என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை. எவ்வளவு உண்கிறது என்பதை மட்டும் எழுதி வையுங்கள். சமையலறைத் தராசில் வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் எடை பார்த்தால் ஊகம் தேவைப்படாது. 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிலோகலோரி வேண்டும். உணவுப் பொட்டலத்தின் மேலேயே கலோரிக் கணக்கு பெரும்பாலும் அச்சிட்டிருக்கும்.

மணல் தொட்டிக்கு வெளியே போகிறது

படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்டால் பழிவாங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். பூனைக்கு அப்படி ஓர் எண்ணம் கிடையாது. வலி, பயம், தொட்டி பிடிக்காமை, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். வலியை முதலில் மருத்துவரிடம் பார்த்து நீக்கிவிட்டுத் தொட்டிக்கு வாருங்கள்.

கடையில் கிடைக்கும் தொட்டிகளில் பல பூனைக்குச் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி வைத்தாலே போதும், விலையுயர்ந்த தொட்டியைவிட நன்றாகப் பயன்படும். மூடியுள்ள தொட்டி பயந்த பூனைக்கு வேண்டாம்: உள்ளே நாற்றம் தேங்கும், யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது. மணமூட்டிய மணலும் வேண்டாம். தெருவில் வாழ்ந்த பூனைக்கு அந்தச் செயற்கை மணல் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். தொடக்கத்தில் சாதாரண மண்ணை நிரப்பி, பிறகு நாளுக்கு நாள் மணலின் பங்கைக் கூட்டுங்கள். தொட்டியிலிருந்து பார்த்தால் அறையின் கதவு தெரிய வேண்டும். இயந்திரங்கள் உறுமும் இடத்தில் வைக்கக் கூடாது. நாளுக்கு இரு முறையாவது அள்ளிவிடுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக இருப்பது பொது வழக்கம். ஒரே பூனைக்கும் இரண்டு வைத்தால் சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளும் பூனைகள் உண்டு.

நனைந்த இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்ததைத் தொடாதீர்கள், அதன் நெடி சிறுநீரின் நெடிக்கு நெருக்கமானது.

சுவரிலும் கதவோரத்திலும் நின்றபடியே, வால் நடுங்க, சிறிதளவு பீய்ச்சினால் அது வேறு விஷயம்: எல்லை குறித்தல். கருத்தடை செய்யாத பூனை என்றால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறியுங்கள்.

சீறுகிறது, அறைகிறது, கடிக்கிறது

சீறுவது பேச்சு. "இதற்கு மேல் வராதே" என்று சொல்லிவிட்டுத்தான் பயந்த பூனை நகத்தை நீட்டும். அந்தச் சீறலுக்குக் கோபித்தாலோ தண்ணீர் தெளித்தாலோ, அடுத்தமுறை எச்சரிக்காமலேயே கடிக்கக் கற்றுக்கொள்ளும். சீறியதும் ஓரடி பின்வாங்குங்கள். எந்தத் தொலைவில் சீறல் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே உட்கார்ந்து, அதற்குப் பிடித்த தின்பண்டத் துண்டு ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு எழுந்து போய்விடுங்கள். அடுத்த சில நாட்களில் அந்த எல்லை தானாகச் சுருங்கும்.

சீறலுக்கு முன்பே சொல்லும் பூனைகளும் உண்டு: காதுகள் பக்கவாட்டில் திரும்பி மடங்கும், கண்பாவை வட்டமாக விரியும், வால் நுனி துடிக்கும், உடம்பு தரையோடு ஒட்டும். இவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் சீறலே கேட்க வேண்டி வராது.

கடித்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் கட்டும். உடனே சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பூனையின் தடுப்பூசி விவரம் தெரியாது என்றால் அதையும் சொல்லுங்கள், ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும்.

தின்பண்டத்துக்கு அருகில் வரும், தொட்டால் ஓடிவிடும்

இந்தக் கட்டத்தில்தான் நம் பொறுமை அதிகம் தேவை. இத்தனை நெருங்கிவிட்டதே, இனித் தடவலாம் என்று கை தானாக நீளும். நீட்டாதீர்கள். நீண்ட காம்புள்ள கரண்டியில் கூழ்போன்ற தின்பண்டத்தைத் தடவி நக்கக் கொடுங்கள். நாட்கள் செல்லச் செல்லக் காம்பில் உங்கள் பிடியைக் கரண்டியின் முனைக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பிறகு, மடக்கிய விரல் ஒன்றை அதன் மூக்குக்கு நேராக, ஒரு சாணுக்கு இப்பால் நிறுத்துங்கள். அதுவாக வந்து முகர்ந்து, கன்னத்தை உரசினால் மட்டும் கன்னத்தில் இரண்டு மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி கையை நோக்கி வந்தால் தொடரலாம். அப்படியே நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான். கன்னம், தாடை, காதின் அடி ஆகிய இடங்களைப் பெரும்பாலான பூனைகள் விரும்பும். வயிற்றையும் வாலின் அடியையும் விட்டுவிடுங்கள்.

குச்சியில் கட்டிய இறகு நல்ல தூது. பயந்த பூனைக்கு வேட்டை ஆசை வந்துவிட்டால் அச்சம் சற்று நேரம் மறந்துபோகும். ஆட்டம் முடிந்ததும் நூல் உள்ள எதையும் எடுத்துப் பூட்டி வையுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும்.

இரவெல்லாம் கத்துகிறது

பூனை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் விலங்கு. பகலெல்லாம் ஒளிந்திருந்துவிட்டு, வீடு அடங்கியதும் புது இடத்தை ஆராய்ந்து கத்துவது முதல் சில வாரங்களில் சகஜம். நீங்கள் படுக்கும் முன் விளையாட்டு, அதன்பின் வயிறாரச் சாப்பாடு என்ற வரிசையை நாள்தோறும் மாறாமல் செய்யுங்கள். கத்தும்போது எழுந்து போய்க் கதவைத் திறந்தால் கத்தினால் கதவு திறக்கும் என்று அதற்குப் புரிந்துவிடும். கருத்தடை செய்யாத பெண் பூனை உடலைத் தரையில் உருட்டிக்கொண்டு ஓலமிட்டால் அது இனப்பெருக்கப் பருவம். வயதான பூனை புதிதாக இப்படி அலறத் தொடங்கினால் தைராய்டையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வந்து ஒரு வாரத்தில் தும்மல், கண்ணில் நீர்

பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை உடலில் புகுந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். வீடு மாறும் அழுத்தத்தில் சுமார் ஒரு வாரம் கழித்துத் தலைதூக்கும். மனிதர்களுக்குத் தொற்றாது, மற்றப் பூனைகளுக்குத் தொற்றும். லேசான தும்மலோடு நன்றாக உண்டால் கவனித்து வரலாம். கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்கினாலோ மூக்கடைத்து உணவை விட்டாலோ மருத்துவரிடம் போங்கள்.

அறைக்கதவைத் திறந்ததும் மறுபடி பதுங்கிவிட்டது

வீடு பெரிது, ஒரேயடியாகத் திறந்திருக்கிறீர்கள். அறையில் வாலை நிமிர்த்தி நடக்கும் பூனைதான் அடுத்த அறைக்குத் தயாராகியிருக்கிறது. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வையுங்கள், அழைக்க வேண்டாம். அதன் கன்னத்தில் தேய்த்த துணியை அடுத்த அறையின் நாற்காலிக் கால்களில் பூனை உயரத்தில் தடவினால், அங்கே போகும்போது தன் மணமே அதை வரவேற்கும். எப்போது வேண்டுமானாலும் பழைய அறைக்கு ஓடித் திரும்ப வழி இருக்க வேண்டும். அந்தக் கதவைப் பின்னால் சாத்தாதீர்கள்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் இதற்கெல்லாம் முன் குறைந்தது இரண்டு வாரம் தனியறை, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி. பிறகு படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு மணத்தைப் பழக்குங்கள். மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, இரண்டும் அமைதியாக உண்ணும் நிலை வந்த பிறகே வலைத்தடுப்பின் வழியே பார்வை. இதற்கு வாரங்கள் ஆகும், சில ஜோடிகளுக்கு மாதங்களும் ஆகும். "அவையே அடித்துக்கொண்டு சரியாகிவிடும்" என்று ஒரே அறையில் விடுவதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

நன்றாக இருந்தது, திடீரென்று பின்வாங்கியது

கடந்த இரண்டு நாளில் வீட்டில் என்ன மாறியது என்று பட்டியல் போடுங்கள். விருந்தினர், துளையிடும் இயந்திரம், நகர்த்திய சோபா, புதிய சோப்புத்தூள், ஜன்னலுக்கு வெளியே வந்து நின்ற இன்னொரு பூனை. காரணம் கிடைத்தால் அதை நீக்கிவிட்டுச் சில நாள் சிறிய அறை வழக்கத்துக்கே திரும்புங்கள். இரண்டாம் முறை பழகுவது முதல் முறையைவிட விரைவாக நடக்கும். காரணமே கிடைக்கவில்லை என்றால் எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டும், பிடிக்க முடியவில்லை

தூக்கிச் செல்லும் கூண்டைப் பரணில் வைத்துவிட்டுத் தேவைப்படும் அன்று மட்டும் இறக்கினால், அதைப் பார்த்ததுமே பூனை மறைந்துவிடும். முதல் நாளிலிருந்தே கூண்டு கதவைத் திறந்தபடி அறையில் கிடக்கட்டும். நாளுக்கு ஒருமுறை தின்பண்டம் அதன் உட்புறத்தில் மட்டும் கிடைக்கட்டும். மேல்மூடி கழலும் கூண்டு வாங்குங்கள். மருத்துவமனையில் பூனையை இழுக்காமல் மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டு, அது உட்கார்ந்த இடத்திலேயே பரிசோதிக்கச் சொல்லலாம்.

அவசரம் என்றால் அறையின் மற்ற மறைவிடங்களை மூடி, தடித்த துண்டை மேலே போர்த்தி, உடம்பு முழுவதையும் சேர்த்து அணைத்துத் தூக்கிக் கூண்டில் இறக்குங்கள். பிடரியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். கூண்டைத் துணியால் மூடிவிட்டால் வழியில் சற்று அமைதியாக இருக்கும். மிகவும் மிரளும் பூனைக்குப் புறப்படும் முன் கொடுக்க கபாபென்டின் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர்கள் எழுதித் தருவார்கள், முன்கூட்டியே கேளுங்கள். மருந்தில்லாமல் பட்ட ஒரு பெரும் பயம் பல வாரப் பழக்கத்தைக் கலைத்துவிடும்.

ஓராண்டு ஆகியும் மடிக்கு வரவில்லை

வராமலே போகலாம். நீங்கள் இருக்கும் அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உறங்குகிறதா? நீங்கள் வந்ததும் வாலைச் செங்குத்தாக உயர்த்துகிறதா? நடந்து போகும்போது காலில் உரசுகிறதா? அப்படியானால் இதில் சரிசெய்யக் கோளாறு எதுவும் இல்லை. கன்னத்தைத் தடவ விடும் பூனை தூக்கினால் துடிக்கிறது என்றால், தூக்காதீர்கள்.

கதவு திறந்த வேளையில் வெளியே ஓடிவிட்டது

பயந்த பூனை பொதுவாகத் தொலைதூரம் ஓடாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், திரும்பக் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. வீட்டினுள் மட்டும் வாழ்ந்த பூனை இன்னும் அருகில், பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகளுக்குள், ஏதேனும் ஒரு பொருளுக்கு அடியில் அசையாமல், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் ஒடுங்கியிருக்கும். ஆகவே தெருத்தெருவாகப் பெயர் சொல்லி அலைவதைவிட, அக்கம்பக்கத்தாரிடம் அனுமதி கேட்டு அவர்கள் வண்டிகளுக்கு அடியிலும் படிக்கட்டுக்குக் கீழும் கொட்டகையிலும் நீங்களே கைவிளக்கோடு குனிந்து தேடுங்கள். நள்ளிரவுக்குப் பின் தேடினால் விளக்கொளியில் கண்கள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். கண்டதும் துரத்தாதீர்கள். தரையில் உட்கார்ந்து, மணம் மிகுந்த உணவை வைத்துக் காத்திருங்கள், அல்லது பொறிக்கூண்டு ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள். மைக்ரோசிப் (அடையாள எண் கொண்ட, தோலுக்கு அடியில் வைக்கும் சிறு சில்லு) பொருத்திய பூனை என்றால், அந்த எண்ணோடு பதிவாகியிருப்பது காப்பகத்தின் பழைய தொலைபேசி எண்ணா, உங்களுடையதா என்று இன்றே பார்த்து மாற்றிவிடுங்கள்.